ஓரடிக்குக் கீழே

கற்காலத்தைப் பற்றி நம் பிள்ளைகள் முதன்முதலில் படிக்கும் வாக்கியங்கள் எல்லாம் ஒரே மாதிரி முடியும். ஆதிமனிதன் குகையில் வாழ்ந்தான். வேட்டையாடினான். கல்லைத் தீட்டினான். நெருப்பைக் கண்டான். ஆங்கிலத்தில் இதை எழுதுகிறவருக்கு வினைச்சொல்லில் ஆணா பெண்ணா என்று காட்ட வேண்டிய அவசியமில்லை. தமிழில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஓர் ஆணை நிறுத்தியாக வேண்டியிருக்கிறது. முப்பது வாக்கியங்கள் படித்து முடித்த பெண் குழந்தை, முப்பது முறை அந்த ஆணைப் பார்த்துவிடுகிறாள். 'மாந்தர்', 'மக்கள்' என்ற சொற்கள் நம்மிடம் இல்லாமலா போயின? 'வாழ்ந்தார்கள்' என்று எழுதினால் பாடநூலின் பக்கம் ஒன்றும் கூடிவிடாது.

பெரியவர்கள் படிக்கும் தொல்லியல் எழுத்தில் இந்த 'ஆன்' இல்லை. அங்கே வேறொன்று நடக்கிறது. தரை மெழுகப்பட்டது, பானை வனையப்பட்டது, தானியம் அரைக்கப்பட்டது. செய்தவர் வாக்கியத்தைவிட்டே போய்விடுகிறார். அறிவியலுக்கு இந்தப் பணிவு தேவை, யார் செய்தார்கள் என்று தெரியாதபோது சொல்லக் கூடாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே எழுத்து, வாள் ஒன்று கிடைத்ததும் 'வீரன்' என்றும், பெரிய கல்லறை கிடைத்ததும் 'தலைவன்' என்றும் தயங்காமல் பெயர் வைக்கிறது. பணிவு அடுப்பங்கரைக்கு மட்டும்தான்.

தஞ்சாவூர்க்காரி ஒருத்தி மலைப்பக்கத்துக் கற்காலத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். எங்கள் ஊரில் கல் கிடையாது என்பதுதான் காரணம். டெல்டாவில் நூறு வயல் தாண்டிப் போனாலும் கையில் எடுத்து எறிய ஒரு கல் கிடைக்காது. பெரிய கோயிலின் கருங்கல் முழுவதும் வெளியிலிருந்து வந்தது. எங்கள் வீட்டு அம்மி, ஆட்டுக்கல், உரல் எல்லாமே வெளியூர்ப் பிறப்பு. காவிரி ஆண்டாண்டாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல், பழைய தரையை எங்கோ ஆழத்தில் மூடிவிட்டது. ஆகவே இந்த நெல் நாட்டில் முதன்முதலாக மண் குழைத்த கையைத் தேட வேண்டுமென்றால், மண் அவ்வளவாக மூடாத வடக்கு மேட்டு நிலத்துக்குத்தான் போக வேண்டும். ஜவ்வாது மலையும் ஏலகிரியும் நிற்கிற திருப்பத்தூர் வட்டாரத்துக்கு. அல்லது கிருஷ்ணகிரிப் பாறைகளுக்கு.

டெல்டாவில் அப்படி ஒரு கல் கிடைத்ததும் உண்டு. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் செம்பியன்கண்டியூரில், 2006ஆம் ஆண்டு, ஒரு வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டும்போது வழவழப்பாகத் தீட்டிய கற்கோடரி வந்தது. அதன்மேல் நான்கு குறிகள். ஐராவதம் மகாதேவன் அவற்றைச் சிந்துவெளி எழுத்துகள் என்று படித்தார், முருகனின் பெயரைக் கண்டார். நாடெங்கும் பேச்சு எழுந்தது. அந்தக் குறிகள் எழுத்துதானா, எக்காலத்தவை என்ற விவாதம் அறிஞர்களுடையது, அதில் நான் நுழையவில்லை. என் கேள்வி எளியது. கல்லே இல்லாத நாட்டுக்கு ஒரு கற்கோடரி வந்திருக்கிறது. யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள், எதற்கோ பயன்பட்டிருக்கிறது. விறகு பிளந்ததா, புதர் வெட்டியதா, மண் கொத்தியதா? அதன் விளிம்பு எப்படித் தேய்ந்திருக்கிறது? பேச்சு முழுவதும் எழுத்தைச் சுற்றியே இருந்தது. வேலையைப் பற்றி எங்கும் கேள்விப்படவில்லை. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் இதே கோடரிகளைக் கோயிலில் அடுக்கி வைத்துக் கும்பிடுகிறார்கள். கோடரி சாமியாகலாம். அரைக்கிற கல்லுக்குச் சடங்கில் ஓர் இடம் உண்டென்றால், அது கல்யாணத்தன்று. அன்றைக்கும் அதை மிதிக்கச் சொல்வது, கல்லைப்போல அசையாமல் இரு என்று பெண்ணுக்குப் புத்தி சொல்லத்தான்.

பையம்பள்ளிக்கு வருகிறேன். திருப்பத்தூர்ப் பக்கத்து ஊர். 1964-65லும் 1967-68லும் இந்தியத் தொல்லியல் துறைக்காக எஸ். ஆர். ராவ் அங்கே அகழ்ந்தார். லோதலைத் தோண்டியவர் என்று பலருக்கும் தெரிந்த அதே ராவ். கிடைத்தவை: தீட்டிய கற்கோடரிகள், கையால் வனைந்த சாம்பல் நிறப் பானைகள், அரைப்புக் கற்கள், கருகிய கொள்ளும் பச்சைப்பயறும், தரையில் தோண்டிய குழிகள், குழிகளைச் சுற்றி மேற்கூரைக்கு நட்ட கம்பங்களின் துளைகள். அதற்கு மேலடுக்கில் இரும்பும் கறுப்பு-சிவப்புப் பானைகளும். தமிழ்நாட்டுப் புதிய கற்காலத்தைப் பற்றி எழுதுகிற எவரும் பையம்பள்ளியைச் சொல்லாமல் கடக்க முடியாது. எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள்.

அந்தப் பட்டியலைச் சமைக்கத் தெரிந்த ஒருவர் வாசித்தால் எப்படி இருக்கும்? கொள்ளு சும்மா வேகாது. ஊற வேண்டும், நிறைய தண்ணீர் வேண்டும், நெடுநேரம் எரியும் விறகு வேண்டும். அல்லது வறுத்து உடைக்க வேண்டும். எனவே கருகிய கொள்ளு என்ற இரண்டு சொல்லுக்குள் தண்ணீர் எடுத்த நடை இருக்கிறது, விறகு பொறுக்கிய பொழுது இருக்கிறது, நெருப்பின்முன் உட்கார்ந்த நேரம் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. நன்றாக வெந்த கொள்ளு உண்ணப்பட்டுப் போய்விட்டது. மண்ணில் மூவாயிரம் ஆண்டு தங்குவது கரியான தானியம் மட்டும்தான். அடுப்பில் கவனம் தப்பிய ஒரு பொழுதுதான் இன்று நமக்கு ஆதாரம். அன்றைக்கு மாமியார் திட்டியிருப்பார் என்று எழுதக் கை வருகிறது. மாமியார் என்று ஒருவர் அன்று இருந்தாரா என்பதே தெரியாது, ஆகவே கையை இழுத்துக்கொள்கிறேன்.

பெண்ணியவாதிகளான நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இது. அரைப்புக் கல்லைப் பார்த்ததும் 'இதோ பெண்' என்று ஓடிப்போய் உட்கார்ந்துகொள்வது எளிது. அப்படிச் செய்தால், அடுப்பங்கரை ஆதிமுதல் பெண்ணுக்குரியது என்று நாமே எழுதிக்கொடுத்ததாகும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அதைவிட மகிழ்ச்சியான செய்தி இராது. கல் யாருடையது என்பதைக் கல் சொல்லாது. எலும்பு சில இடங்களில் சொல்கிறது. சிரியாவின் அபு ஹுரைரா என்ற பழைய வேளாண் ஊரின் எலும்புகளைத் தியா மோலசன் ஆராய்ந்தார். கால் பெருவிரல் மூட்டு சிதைந்தும், முழங்காலும் கீழ்முதுகும் தேய்ந்தும் இருந்த எலும்புகள் பெரும்பாலும் பெண்களுடையவை. மண்டியிட்டு, விரல்களை மடக்கி ஊன்றி, நாள்தோறும் மணிக்கணக்கில் தானியம் அரைத்ததன் தழும்பு அது என்றார். 2017இல் அலிசன் மெக்கின்டோஷும் உடன் ஆய்வாளர்களும் நடு ஐரோப்பாவின் தொடக்ககால வேளாண் பெண்களின் கை எலும்பை இன்றைய துடுப்புப் படகு வீராங்கனைகளின் எலும்போடு ஒப்பிட்டார்கள். பழைய கைகள்தான் வலுவானவை. அதாவது, அந்தந்த ஊரில், அந்தந்தக் காலத்தில், பெண்கள் அரைத்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பையம்பள்ளியிலும் அப்படித்தான் என்று தீர்ப்பு எழுத முடியாது. கேள்வியை மட்டும் எழுதலாம். நம் அறிக்கைகளில் எனக்குக் குறையாகப் படுவது அந்தக் கேள்விதான்.

குழிகளைப் பற்றிய ஒரு சண்டையும் உண்டு. அது நடந்தது இன்னும் வடக்கே, காஷ்மீரில். ஸ்ரீநகருக்கு அருகே மேட்டு நிலத்தில் இருக்கும் புர்சகோம், மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இருக்கிறது. 1960 முதல் 1971 வரை டி. என். கசாஞ்சி தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. வாய் குறுகி அடி அகன்ற குழிகள் வந்தன. பெரிய குழி ஒன்று, மேலே 2.74 மீட்டர், அடியில் 4.57 மீட்டர், ஆழம் 3.95 மீட்டர். உள்ளே மண் பூசியிருந்தது, படிகள் இருந்தன. பனிக்காலக் குளிருக்கு மக்கள் உள்ளே இறங்கி வாழ்ந்தார்கள் என்று எல்லாப் பாடநூல்களும் எழுதின. 1990களின் இறுதியில் ராபின் கானிங்ஹாமும் சதர்லேண்டும் இதை மறுத்தார்கள். வாய் சிறுத்து வயிறு பெருத்த இந்த வடிவம் தானியம் சேமிக்கிற குழிக்குரியது, இவை வீடுகளாக இல்லாமல் களஞ்சியங்களாக இருக்கலாம் என்றார்கள்.

வீடா, களஞ்சியமா? இந்தக் கேள்வி எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வேடிக்கையாக இருக்கும். டெல்டாவின் பழைய வீடுகளில் இரண்டும் வேறு வேறா என்ன? கூடத்தின் ஓரத்தில் பத்தாயம், உள்ளே குதிர், அறுவடைக்குப் பின் வாசலில் வைக்கோல் புரி சுற்றிக் கட்டிய சேர். நெல்லுக்கு நடுவில்தான் மனுஷர்கள் படுத்தார்கள். கேட்க வேண்டியது, அந்தக் குழியில் இருந்த தானியத்தை எடுக்க யாருக்கு உரிமை இருந்தது என்பதை. பத்தாயத்துச் சாவி யார் இடுப்பில் தொங்கியது என்பதில் எங்கள் ஊரின் முழு வரலாறும் இருந்தது. மாமியார் இடுப்பில் என்றால் மருமகளுக்கு ஒரு சேதி. மிராசுதார் இடுப்பில் என்றால் நட்டு அறுத்தவளுக்கு ஒரு சேதி. விதைநெல்லைப் பதம் பார்த்து எடுத்துவைத்தவர், பூச்சி விழாமல் வேப்பிலை போட்டவர், அடுத்த அறுவடை வரை எத்தனை படி போதும் என்று மனத்துக்குள் கணக்கு வைத்தவர் பெரும்பாலும் பெண். சாவி கையில் இல்லாமலே கணக்கு வைத்தவர்களும் உண்டு. புர்சகோம் குழிகள் களஞ்சியமே என்றால், அங்கே ஒரு கணக்கு இருந்திருக்கிறது. வீடு என்றால், ஒரு குடும்பம் இருந்திருக்கிறது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். இரண்டாவது வாசிப்பு ஏன் அத்தனை நாள் யாருக்கும் போதுமானதாக இருந்தது என்பதை யோசிக்கிறேன்.

சமீபத்துக்கு வருவோம். 2022 மே 9 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஓர் அறிவிப்பு செய்தார். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பு பொ.ஆ.மு. 2172 வரை போகிறது, தமிழ்நாட்டில் 4200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழங்கியது என்றார். மறுநாள் எங்கும் இரும்பு. அந்த ஆய்விடத்தில் ஈமக்குழி ஒன்றிலிருந்து எடுத்த நீண்ட வாளின் படம் ஏற்கெனவே பிரபலம். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் காலம் இன்னும் பின்னே போனபோது, மயிலாடும்பாறை முதலிடத்திலிருந்து இறங்கிவிட்டது. பழமை ஓட்டப்பந்தயத்தில் தோற்ற இடத்தை யார் நினைவில் வைப்பார்கள்?

ஆனால் அந்த 2022 அறிவிப்பிலேயே இன்னொரு செய்தி இருந்தது. கறுப்பு-சிவப்புப் பானை இரும்போடு வந்ததல்ல, புதிய கற்காலத்தின் கடைசிக் கட்டத்திலேயே வந்துவிட்டது என்பது அது. ஆய்வாளர்களுக்கு இது பெரிய செய்தி. பானையைக் கவிழ்த்துச் சூளையில் வைத்து, உட்புறம் காற்றுப் படாமல் கறுப்பாகவும் வெளிப்புறம் காற்றுப் பட்டுச் சிவப்பாகவும் சுடுகிற வித்தையை, இரும்பு வருவதற்கு முன்பே யாரோ கைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நெருப்பையும் காற்றையும் அளந்து பழகியவர்கள் அவர்கள். இரும்பை உருக்கவும் அதே அளவுதான் வேண்டும். சூளை முன்னே, உலை பின்னே என்று ஒரு வரலாறு எழுத இடம் இருக்கிறது. எழுதியிருந்தால் தமிழரின் தொழில்நுட்பம் வாளிலிருந்து தொடங்காது, சோற்றுப் பானையிலிருந்து தொடங்கியிருக்கும். அந்தப் பானை செய்தவர் பெண்தான் என்று நான் சொல்லவில்லை. சக்கரம் வருவதற்கு முன் கையால் வனைந்த காலத்தில் யார் வனைந்தார்கள் என்ற கேள்வி உலகெங்கும் திறந்தே கிடக்கிறது. நம் குயவர் குடும்பங்களில் இன்றும் பல ஊர்களில் மண் மிதிப்பதும் பிசைவதும் தட்டுவதும் பெண்கள், சக்கரத்தில் உட்காருவது ஆண். இந்தப் பிரிவினைக்கு ஒரு தொடக்க நாள் இருந்திருக்க வேண்டும். அது எந்த மண்ணடுக்கில் இருக்கிறது?

இனி 'பாதுகாப்பு'. பெண்களுக்கு இந்தச் சொல்லோடு நெடுநாள் பழக்கம். நம்மைப் பாதுகாப்பதாகச் சொல்லி யாராவது ஒரு கோடு கிழித்தால், கோட்டுக்கு உள்ளே என்னவெல்லாம் செய்யக் கூடாது என்ற பட்டியல் பின்னாலேயே வரும். 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டமும் அதுதான் செய்கிறது, அங்கே அது சரியும்கூட. பாதுகாக்கப்பட்ட பகுதியில் வீடு கட்டக் கூடாது, கல் உடைக்கக் கூடாது, தோண்டக் கூடாது. 2010 திருத்தத்துக்குப் பின் சுற்றிலும் நூறு மீட்டர் தடை, அதற்கப்பால் இருநூறு மீட்டர் கட்டுப்பாடு. ஆனால் சட்டத்தின் 19ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஓரடி ஆழத்துக்கு மேல் தோண்டாத பயிர்த்தொழிலுக்குத் தடை இல்லை.

இந்த ஓரடியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நடவு நடுகிற கை சேற்றில் ஓரடி இறங்காது. களை பிடுங்குகிற கையும் இறங்காது. பெண்கள் காலங்காலமாக வேலை செய்கிற ஆழம் அந்த ஓரடிக்குள் அடங்கிவிடுகிறது. சட்டம் அதை ஆபத்தில்லாதது என்று கணித்திருக்கிறது. அதற்குக் கீழே இருப்பதுதான் வரலாறு. மேலே நடப்பது வெறும் சாகுபடி.

டெல்டாவுக்கும் இதே சொல் இரண்டு முறை வந்தது. 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். முதலாவது வந்ததும், பல மிராசுதார்கள் பண்ணையாட்களைக் கழற்றிவிட்டுத் தினக்கூலிகளாக வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது, புதிய எண்ணெய், எரிவாயுத் தோண்டல்களைத் தடுக்கிறது, வரவேற்கிறேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றை அது தொடவில்லை. அது காப்பது நிலத்தை. நிலத்தில் நடுகிறவளுக்கு அந்த நிலத்தில் பட்டா இல்லை, நடவு இயந்திரம் வந்தபின் வேலை நாளும் குறைந்துவிட்டது.

பையம்பள்ளிக் கம்பத் துளைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் சேரிகள் நினைவுக்கு வருகின்றன. மூங்கில் கம்பம், மண்சுவர், கீற்று. மூவாயிரம் ஆண்டு கழித்துத் தோண்டுகிறவருக்குப் பெரிய கோயில் அப்படியே கிடைக்கும். அதற்கு நெல் அளந்தவர்களின் வீடுகள் துளைகளாகத்தான் கிடைக்கும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்ட ஊர் அது. எழுதி வைத்தவர்கள் இருந்ததால் நமக்குத் தெரிகிறது. எழுதியிராவிட்டால், அகழாய்வுக் குறிப்பேட்டில் அது 'எரிந்த அடுக்கு' என்று இரண்டு சொல்லாக இருந்திருக்கும். இப்படி எத்தனை எரிந்த அடுக்குகளை நாம் 'தீ விபத்து' என்று கடந்திருப்போம்?

பெயர் எழுதி வைத்ததும் உண்டு. ராஜராஜன் பெரிய கோயிலில் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். அந்தப் பெயர்களைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் கோயில் தன் கணக்குக்காக எழுதிய பெயர்கள் அவை. 400 பேருக்கு 100 கலம் என்றால் 40,000 கலம். அத்தனை நெல்லையும் அறுத்தவர், அவித்தவர், உலக்கை போட்டவர், புடைத்தவர் பெயர் கல்லில் இல்லை. எழுத்து வந்துவிட்டால் பெண் தெரிந்துவிடுவாள் என்ற நம்பிக்கை நமக்கு இருக்கக் கூடாது. எழுத்துக்கு முந்தைய பையம்பள்ளியில் எல்லோரும் பெயரற்றவர்கள். அங்கே குறைந்தபட்சம் ஒரு சமத்துவம் இருக்கிறது.

அருங்காட்சியகங்களின் பெயர்ப்பலகைகளை மாணவிகளோடு போய்ப் படிக்கச் சொல்வேன். வாளுக்கும் அம்புமுனைக்கும் என்ன தலைப்பு, அரைப்புக் கல்லுக்கும் நூற்கிற தக்களிக்கும் என்ன தலைப்பு என்று எழுதி வரச் சொல்வேன். 'ஆயுதங்கள்' ஒரு பக்கம், 'வீட்டு உபயோகப் பொருட்கள்' ஒரு பக்கம். முன்னது எதைச் செய்தது என்பதால் பெயர் பெறுகிறது. பின்னது எங்கே கிடந்தது என்பதால் பெயர் பெறுகிறது. கல்லை 'அரைக்கும் கருவி' என்றும் தக்களியை 'நூற்கும் கருவி' என்றும் எழுதிப் பாருங்கள் என்றேன் ஒரு வகுப்பில். ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ வீட்டு வேலையும் தொழில்னு ஆயிடுமே மேடம்?" ஆகும்தான்.

இன்றும் அகழாய்வுக் குழிகளைப் போய்ப் பாருங்கள். கூடையில் மண் சுமப்பவர்கள், சல்லடை போட்டு மணி பொறுக்குபவர்கள், பானை ஓடுகளைக் கழுவிக் காயவைப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். கரித்துண்டு எது, வெறும் கறுப்பு மண் எது என்று விரல் நுனியில் தெரிந்தவர்கள். ஓட்டைத் தடவிப் பார்த்தே இது வாய்ப்பகுதி, இது அடிப்பகுதி என்று சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அதேபோன்ற சட்டியை அவர்கள் பாட்டி வைத்திருந்தாள். ஜோன் கெரோ 1985இலேயே எழுதினார், தொல்லியலில் ஆண்கள் களத்துக்கும் பெண்கள் கூடத்து மேசைக்கும் அனுப்பப்படுகிறார்கள் என்று. அவர் சொன்னது அமெரிக்க ஆய்வாளர்களைப் பற்றி. நம் ஊரில் இன்னொரு படி கீழே இருக்கிறது. இந்தப் பெண்களின் பெயர்கள் கூலிப் பதிவேட்டில் தேதி வாரியாக, கையெழுத்தோ கைநாட்டோ சேர்த்து, ஒழுங்காக இருக்கும். அறிக்கை அச்சாகும்போது இயக்குநர், துணை இயக்குநர், வரைவாளர், புகைப்படக்காரர் எல்லோருக்கும் நன்றி இருக்கும். கடைசியில் 'உள்ளூர்த் தொழிலாளர்கள்' என்று ஒரு சொல். பதிவேட்டைப் பார்த்து அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்ய ஒரு பிற்பகல் போதும்.